ஊதுவாத்தியச் சோல்: முதல் ஆல்பமாக எதை எடுப்பது?

அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் காலத்துச் சோல் (சர்ச் பாட்டின் உருக்கம் கலந்த கறுப்பின இசை), ஃபங்க் (தாளமே முன்னால் நிற்கும் அதன் முரட்டுத் தம்பி) இசையை அதே முரட்டுத்தனத்தோடு வாசிக்கிற குழுக்கள் கடந்த கால் நூற்றாண்டில் நிறையவே வந்துவிட்டன. டிரம்பெட்டும் சாக்ஸபோனும் இவற்றில் அலங்காரத்துக்கு ஊதுவதில்லை, பாடகரோடு மல்லுக்கு நிற்கும். இந்த வகையில் இறங்க நினைப்பவருக்கு முதல் சிக்கல், எங்கே தொடங்குவது என்பதுதான். ஸ்ட்ரீமிங் ஆப்பில் ஒரு குழுவைத் தேடினால் இருபது குழுவை நீட்டுகிறது. எல்லாரும் கோட் சூட்டில் நிற்கிறார்கள், எல்லா அட்டையும் பழையதுபோல் இருக்கிறது, முதல் அரை மணி நேரத்துக்கு எல்லாமே ஒன்றுபோலத்தான் கேட்கும். எல்பி வாங்குகிறவர்களுக்கு இன்னும் கஷ்டம். இறக்குமதித் தட்டின் விலைக்கு ஒன்றுதான் வாங்க முடியும், அது தப்பாகிவிட்டால் அடுத்தது வாங்க மனசு வராது.

என் விடையை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஷரோன் ஜோன்ஸ் அண்ட் த டாப்-கிங்ஸ். ஆல்பம், 2005-இல் வந்த 'நேச்சுரலி'. ஆனால் இது எல்லாருக்கும் பொருந்துகிற விடை இல்லை. பாட்டே வேண்டாம், வாத்தியம் போதும் என்கிறவருக்கு வேறு குழு. ராத்திரி தனியாக உட்கார்ந்து கேட்கிறவருக்கு வேறு பாடகர். நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பவருக்கு டாப்-கிங்ஸ் விடையே ஆகாது, ஏனென்றால் ஷரோன் ஜோன்ஸ் 2016-இலேயே இறந்துவிட்டார்.

இவர்களை ஒப்பிட நான் வைத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: ஊதுகிறவர்களுக்குப் பாட்டில் என்ன வேலை? குரல், வேகம், வரிகள், ஒலிப்பதிவு எல்லாவற்றையும் பார்க்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் மீதி தானாக விளங்கிவிடும்.

இவர்கள் மீட்டெடுத்தது எதை

1960-களின் நடுவில் ஜேம்ஸ் பிரவுன் ஒரு வேலை செய்தார். 1965-இல் 'பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்', 1967-இல் 'கோல்ட் ஸ்வெட்'. இந்த இரண்டு பாட்டுக்கும் நடுவில் ஃபங்க் பிறந்துவிட்டது என்று சொல்லலாம். ராகம்போல வளர்ந்துகொண்டு போகிற மெட்டை ஓரங்கட்டிவிட்டு, கையிலிருக்கும் எல்லா வாத்தியத்தையும் தாளவாத்தியமாக ஆக்கினார். கிட்டார் சரக் சரக் என்று வெட்டும். பேஸ் ஒரே சுழலில் சுற்றும். ஊதுகிறவர்கள் நீளமாக எதையும் இழுக்காமல் இரண்டு சுரத்தைக் குத்திவிட்டு ஒதுங்கிவிடுவார்கள். எல்லாரும் வந்து சேருகிற இடம் முதல் அடி. பிரவுன் அதை 'த ஒன்' என்பார்.

அதே நேரத்தில் மெம்ஃபிஸ் நகரத்தில் ஸ்டாக்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் வேறு மாதிரி போய்க்கொண்டிருந்தது. வேய்ன் ஜாக்சன் டிரம்பெட், ஆண்ட்ரூ லவ் டெனர் சாக்ஸ். பெரும்பாலும் காகிதத்தில் எழுதாமல் ஸ்டூடியோவிலேயே நின்றபடி பேசி அமைத்த வரிகள். ஸ்டாக்ஸின் பாடகர் ஓடிஸ் ரெடிங் ஒரு வரி பாடி மூச்சுவிடும்போது அந்த இடைவெளியில் இவர்கள் பதில் சொல்வார்கள். பிரவுனின் ஆட்கள் குத்துவார்கள், ஸ்டாக்ஸ் ஆட்கள் பேசுவார்கள். இன்றைய குழுக்கள் எல்லாமே இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஓர் இடத்தில் நிற்கின்றன.

1975-இல் ஸ்டாக்ஸ் திவாலானது. டிஸ்கோ வந்தது, சிந்தசைசர் வந்தது, டிரம் மெஷின் வந்தது. மூன்று பேருக்குச் சம்பளம், பயணச் செலவு, ஹோட்டல் அறை என்று கணக்குப் போட்டால் செலவைக் குறைக்க முதலில் கழற்றிவிடப்படுவது ஊதுகிறவர்கள்தான். 1990-களில் இந்த ஒலி வேண்டும் என்றால் ஹிப்-ஹாப் தயாரிப்பாளர் பழைய தட்டிலிருந்து நாலு விநாடியை வெட்டி எடுப்பார். ஆட்களை உட்காரவைத்துப் புதிதாக வாசிக்கச் சொல்வது அரிதாகிவிட்டிருந்தது.

அந்த வேலையை நியூயார்க்கில் இரண்டு இளைஞர்கள் செய்தார்கள். கேப்ரியல் ராத், ஃபிலிப் லேமன். டெஸ்கோ என்று ஒரு குட்டி நிறுவனம். பழைய தட்டுகளைத் தேடி அலைகிற சேகரிப்பாளர்கள் புதுத் தட்டை வாங்க மாட்டார்கள் என்று தெரிந்து, இவர்கள் புதுத் தட்டையே பழைய தட்டுபோல வெளியிட்டார்கள். இல்லாத ஒரு குங்ஃபூ படத்துக்குப் பின்னணி இசை என்று ஒன்று. 1970-களில் நைஜீரியாவில் பதிவானது போன்ற தோற்றத்தில் 'த டக்டாரிஸ்' என்ற குழுவின் ஆல்பம் ஒன்று. வாசித்ததெல்லாம் நியூயார்க் ஆட்கள். ஏமாற்று வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் விவரம் தெரிந்த காதுகளையே ஏமாற்றும் அளவுக்கு வாசிக்கத் தெரிந்திருந்ததே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

டெஸ்கோ 2000-இல் உடைந்தது. அடுத்த வருடம் ராத்தும் சாக்ஸபோன்காரர் நீல் சுகர்மேனும் சேர்ந்து டாப்டோன் ரெக்கார்ட்ஸைத் தொடங்கினார்கள். நியூயார்க்கின் புரூக்ளினில், புஷ்விக் பகுதியில் ஒரு பழைய வீடு. இசைக்காரர்களே சுவரை இடித்து, கட்டி, கம்பி இழுத்து அதை ஸ்டூடியோ ஆக்கினார்கள். மின்சார வேலையில் ஷரோன் ஜோன்ஸும் கைகொடுத்திருக்கிறார்.

அந்த வீட்டில் பதிவுசெய்த முறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் 'முரட்டு ஒலி' என்று நாம் சொல்வது பாதி அங்கிருந்துதான் வருகிறது. கம்ப்யூட்டர் கிடையாது, எட்டு டிராக் டேப், அதாவது எட்டே எட்டு ஒலித்தடம். இன்றைக்கு ஒரு டிரம்ஸுக்கே பத்துப் பன்னிரண்டு மைக் வைத்து, ஒவ்வொன்றையும் தனித் தடத்தில் பதிந்து, பிறகு ஆறு மாதம் உட்கார்ந்து சரிசெய்யலாம். எட்டே தடம் என்றால் அது நடக்காது. டிரம்ஸ் முழுக்க ஒன்றிரண்டு தடத்தில் அடங்க வேண்டும், ஊதுகிற மூன்று பேரும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு தடத்தில் உட்கார வேண்டும். யார் எவ்வளவு சத்தமாக ஊதுவது என்பதை அறையிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். ஒருவர் பிசகினால் எல்லாரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். டிரம்ஸ் சத்தம் டிரம்பெட் மைக்கில் கசியும், அந்தக் கசிவையும் ஒலியின் பகுதியாகவே ஏற்றுக்கொள்ள வேண்டும். பிறகு திருத்த முடியாது என்று தெரிந்து வாசிக்கிறவர்களிடம் ஒரு விறைப்பு வரும். நாம் கேட்பது அதைத்தான்.

ஷரோன் ஜோன்ஸ் அண்ட் த டாப்-கிங்ஸ்

1956-இல் ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டாவில் பிறந்தவர் ஷரோன் ஜோன்ஸ். ஜேம்ஸ் பிரவுன் வளர்ந்த அதே ஊர். சிறுவயதிலேயே புரூக்ளினுக்கு வந்து, சர்ச்சில் பாடி, பாட்டை நம்பிப் பிழைக்க முடியாமல் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலராகவும், பணம் ஏற்றிச்செல்லும் கவச வண்டியில் பாதுகாவலராகவும் வேலை பார்த்தவர். ரொம்பக் கறுப்பு, ரொம்பக் குள்ளம், ரொம்பக் குண்டு, வயதும் ஆகிவிட்டது என்று ஒரு இசை நிறுவனத்துக்காரர் முகத்துக்கு நேராகச் சொன்னதை அவரே பேட்டிகளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

1996-இல் லீ ஃபீல்ட்ஸ் என்ற பாடகரின் பதிவுக்குப் பின்னணி பாட மூன்று பெண்கள் வேண்டும் என்றார்கள். வந்தது ஷரோன் ஒருவர். மூன்று குரலையும் அவரே பாடிக் கொடுத்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 40. முதல் முழு ஆல்பம் வந்தது 2002-இல்.

டாப்-கிங்ஸில் ஊதுகிறவர்கள் மூன்று பேர்: டிரம்பெட், டெனர் சாக்ஸ், பேரிடோன் சாக்ஸ். சாக்ஸபோன் என்றால் நம் காதில் வந்து நிற்பது கத்ரி கோபால்நாத். அவர் வாசித்தது ஆல்டோ, குழைந்து வளையக்கூடியது. பேரிடோன் வேறு மிருகம். தடித்த குரலில் அடியிலிருந்து உறுமும். பேஸ் கிட்டாரோடு அது சேர்ந்து ஒரு சுரத்தைத் தொட்டால் நெஞ்சில் இடிக்கும். டாப்-கிங்ஸின் ரகசியம் என்று ஒன்று இருந்தால் இந்தப் பேரிடோன்தான் என்பேன். மேலே டிரம்பெட் எவ்வளவு பளபளத்தாலும் கீழே அது அழுக்காக இருக்கும், அந்த அழுக்கு இல்லாவிட்டால் இது கல்யாண ரிசப்ஷன் பேண்ட் ஆகிவிடும்.

இவர்கள் ஷரோனுக்குப் பதில் சொல்கிறார்கள். அவர் கேட்கிறார், இவர்கள் மறுக்கிறார்கள். அவர் கெஞ்சுகிறார், இவர்கள் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஸ்டாக்ஸ் முறை பேச்சும் பிரவுன் முறை குத்தும் இங்கே ஒன்றாகக் கலக்கின்றன. டிரம்ஸில் ஹோமர் ஸ்டைன்வைஸ், பேஸில் 'பாஸ்கோ மான்' என்ற புனைபெயரில் ராத், கிட்டாரில் பிங்கி கிரிப்டைட். இவர்களில் ஒருவரும் தனியாகத் தெரிய ஆசைப்பட மாட்டார்கள். இவ்வளவு திறமையை வைத்துக்கொண்டு இவ்வளவு அடக்கமாக வாசிப்பது சுலபமில்லை.

சரி, எந்த ஆல்பம்? இங்கேதான் கொஞ்சம் தகராறு. பெரும்பாலானவர்கள் 2007-இன் '100 டேஸ், 100 நைட்ஸ்' என்று சொல்வார்கள். நியாயமான தேர்வு. தலைப்புப் பாட்டின் நடுவில் ஷரோன் குழுவை நிறுத்தி, கொஞ்சம் மெதுவாகப் போகலாம் என்று சொல்லி வேகத்தையே மாற்றுவார். அந்த இடத்துக்காக மட்டுமே வாங்கலாம். பாட்டுகள் நன்றாகச் செதுக்கியவை, ஒலியும் மெருகேறியது. அந்த மெருகுதான் எனக்கு இடிக்கிறது. முரட்டு ஒலி வேண்டும் என்று வந்தவருக்கு முதல் கவளமே பக்குவமானதாகக் கொடுப்பானேன்?

2002-இன் முதல் ஆல்பமான 'டாப் டிப்பின்' நேர் எதிர்க்கோடி. முழுக்க ஃபங்க், முழுக்க வியர்வை. ஜேனட் ஜாக்சனின் 1980-களின் பாட்டு ஒன்றை, அதுதான் மூலம், ஜேனட்டுடையது நகல் என்று நினைக்கவைக்கிற மாதிரி மாற்றிப் பாடியிருப்பார்கள். ஆட்டம் போட அருமை. ஆனால் பாட்டாக மனசில் தங்குபவை குறைவு.

'நேச்சுரலி' இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பத்தே பாட்டு. ஃபங்கும் உண்டு, சோலும் உண்டு. லீ ஃபீல்ட்ஸோடு பேச்சும் பாட்டுமாகப் போகிற ஒரு ஜோடிப் பாட்டு உண்டு. அந்தப் பாட்டில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சீண்டுவதைக் கேட்டால் ஆங்கிலம் அரைகுறையாகப் புரிந்தாலும் சிரிப்பு வரும். வுடி கத்ரியின் பழைய நாட்டுப்பாடல் ஒன்றை, அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் குழந்தைகள் பாடுவதை, கோபக்காரப் பாட்டாகத் திருப்பியிருக்கிறார்கள். இந்த மண் உன் மண் என்று ஒரு கறுப்பினப் பெண் அந்தக் குரலில் பாடும்போது, யார் மண், எப்போதிருந்து என்ற கேள்வி அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. இந்த ஆல்பத்தில் குழுவின் எல்லா முகமும் தெரிகிறது, எதுவும் இன்னும் தேய்த்து வழுவழுப்பாக்கப்படவில்லை. அதனால்தான் இது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2010-இன் 'ஐ லேர்ன்ட் த ஹார்ட் வே' நல்ல ஆல்பம், இரண்டாவதாக வாங்கலாம். 'கிவ் த பீப்பிள் வாட் தே வாண்ட்' 2013-இல் வரவேண்டியது. ஷரோனுக்குப் புற்றுநோய் என்று தெரிந்து 2014-க்குத் தள்ளிப்போனது. கீமோதெரபியால் முடி கொட்டிய தலையோடு, விக் வைக்காமல் மேடையேறி ஆடினார். பார்பரா காப்பிள் எடுத்த ஆவணப்படத்தில் இதைப் பார்க்கலாம். 2017-இல் வெளிவந்த 'சோல் ஆஃப் எ வுமன்' அவர் இறந்தபின் வந்தது. தயவுசெய்து அதில் தொடங்காதீர்கள். கதை தெரிந்தவருக்கு அது நெஞ்சை அடைக்கும். தெரியாதவருக்குக் கொஞ்சம் மெதுவான நல்ல ஆல்பமாக மட்டுமே தெரியும்.

சார்லஸ் பிராட்லி

டாப்-கிங்ஸோடு நேருக்கு நேர் வைக்கக்கூடிய ஒரே ஆள். 1948-இல் ஃபுளோரிடாவில் பிறந்தவர். 1962-இல் அக்கா அழைத்துப்போய் ஹார்லெமின் அப்பலோ தியேட்டரில் ஜேம்ஸ் பிரவுனைப் பார்த்தார். அதற்குப் பிறகு வாழ்க்கையில் வேறு எதையும் பெரிதாக நினைக்கவில்லை. ஊர் ஊராகப் போய் சமையல்காரராக வேலை செய்தார். பின்னாளில் 'பிளாக் வெல்வெட்' என்ற பெயரில், விக்கும் கேப்பும் மாட்டிக்கொண்டு, கிளப்புகளில் ஜேம்ஸ் பிரவுன் வேஷம் கட்டினார். ராத் அவரைக் கண்டுபிடித்து கிட்டார்காரர் தாமஸ் பிரெனெக்கிடம் சேர்த்துவிட்டார். முதல் ஆல்பம் 'நோ டைம் ஃபார் டிரீமிங்' 2011-இல் வந்தபோது பிராட்லிக்கு வயது 62.

பின்னால் வாசித்தது பிரெனெக்கின் மெனஹான் ஸ்ட்ரீட் பேண்ட். ஆட்களில் சிலர் டாப்-கிங்ஸிலும் இருப்பவர்கள்தான், ஆனால் வேலை முற்றிலும் வேறு. இங்கே ஊதுவாத்தியம் பதில் சொல்வதில்லை. மெதுவாக, சோகமாக, ஒரு படத்தின் பின்னணி இசைபோல அடியில் விரிந்துகிடக்கும். மேலே பிராட்லி கதறுவார். கதறல் என்பதை நேர்ப்பொருளிலேயே சொல்கிறேன். சுருதியை விட்டு வெளியே போய்விடுவாரோ என்று பயம் வரும், போக மாட்டார். கொலையுண்ட தன் அண்ணனைப் பற்றி அந்த ஆல்பத்தில் பாடியிருக்கிறார். அதைச் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே கேட்க முடியாது.

அதனால்தான் முதல் ஆல்பமாக நான் இவரைச் சொல்வதில்லை. ஷரோன் ஜோன்ஸை வீட்டில் எல்லாரும் இருக்கும்போது போடலாம், குழந்தைகள் ஆடுவார்கள். பிராட்லி தனியாக உட்காரச் சொல்கிறவர். ஆனால் எழுபதுகளின் சோகப் பாட்டுக்கு உருகுகிறவர், தாளத்தைவிடக் குரலே முக்கியம் என்பவர் யோசிக்கவே வேண்டாம், நேராக இங்கே வந்துவிடலாம். அவர்களும் 2011-இன் ஆல்பத்தில் தொடங்குவதா, 2016-இன் 'சேஞ்சஸ்' ஆல்பத்திலா என்று கேட்டால், நான் முதலாவதையே சொல்வேன். 'சேஞ்சஸ்' தலைப்புப் பாட்டு பிளாக் சப்பாத் என்ற ஹெவி மெட்டல் குழு 1972-இல் பாடியது. பிராட்லி அதைத் தன் தாயின் நினைவாக மாற்றிக்கொண்டார். அந்தப் பாட்டு அவருடைய உச்சம், சந்தேகமில்லை. ஆல்பம் முழுக்க அந்த உயரத்தில் இல்லை. அந்தப் பாட்டைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வருடம், 2017-இல், அவரும் புற்றுநோயில் போய்விட்டார்.

பாடகரே வேண்டாம் என்றால்

அந்த 'சேஞ்சஸ்' பாட்டுக்குப் பின்னால் வாசித்தவர்கள் த பூடோஸ் பேண்ட். ஸ்டேட்டன் தீவுக்காரர்கள், மேடையில் பத்துப் பேர் அளவுக்கு நிற்பார்கள், பாடகர் கிடையாது. இங்கே ஊதுகிறவர்கள்தான் பாடகர்கள். ஜாரெட் டாங்கலின் பேரிடோன் சாக்ஸும் டிரம்பெட்டும் சேர்ந்து மெட்டைத் தூக்கிக்கொண்டு போகும். ஜேம்ஸ் பிரவுனைவிட நைஜீரியாவின் ஃபேலா குட்டி வாசித்த ஆஃப்ரோபீட்டும், எத்தியோப்பிய ஜாஸும் இவர்களிடம் அதிகம். எத்தியோப்பிய இசையில் ஐந்து சுர அளவைகள் அடிப்படை. அவற்றில் சில நம் மோகனத்தோடும் சுத்த தன்யாசியோடும் சுர அளவில் ஒத்துப்போகும். இந்தக் குழுவை முதல்முறை கேட்கும் நம் ஊர்க்காரர்களுக்கு எங்கேயோ கேட்டமாதிரி இருப்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

இவர்களிடம் தேர்வு சுலபம், அட்டைப் படத்தை வைத்தே சொல்லிவிடலாம். எரிமலை படம் போட்டது முதல் ஆல்பம், 2005. தேள் போட்டது இரண்டாவது, 2007. நாகப்பாம்பு போட்டது மூன்றாவது, 2010. தேளை எடுங்கள். எரிமலையில் இன்னும் அவர்கள் தங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நாகப்பாம்பும் நல்லது. அதில் பீட்டில்ஸ் பாட்டு ஒன்றின் பெயரைத் தலைகீழாக எழுதி, பாட்டையும் அடையாளம் தெரியாமல் திருகி வைத்திருக்கிற குறும்பு உண்டு. 2014-க்குப் பிறகு கிட்டார் கனத்து, மெட்டல் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். அது பிடிப்பவர்களுக்கு அது. வண்டி ஓட்டும்போது, வேலை செய்யும்போது பின்னணியில் ஓடவேண்டும், வரிகள் கவனத்தைக் கலைக்கக் கூடாது என்பவருக்கு 'நேச்சுரலி'யைவிடத் தேள்தான் பொருந்தும்.

புரூக்ளினுக்கு வெளியே

இப்போது உயிரோடு, ஊர் ஊராக வாசிக்கிறவர்கள். நேரில் பார்க்க வாய்ப்புள்ளவர், அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருப்பவர், இந்தப் பகுதியைத்தான் முதலில் படித்திருக்க வேண்டும்.

அலபாமாவின் பர்மிங்ஹாமிலிருந்து செயின்ட் பால் அண்ட் த புரோக்கன் போன்ஸ். பாடகர் பால் ஜேன்வே சர்ச்சில் வளர்ந்தவர், பிரசங்கியாராக வேண்டியவர். மேடையில் இன்னமும் பாதி அதுதான். 2014-இன் 'ஹாஃப் த சிட்டி' ஸ்டாக்ஸ் பள்ளியின் நேர்வாரிசு. ஊதுவாத்தியம் கச்சிதம், குரல் வானத்துக்குப் போகும். பிறகு வந்த ஆல்பங்களில் வேறு வேறு இடங்களுக்குப் போய்விட்டார்கள். முரட்டு சோல் தேடுகிறவருக்கு முதல் ஆல்பம் மட்டும் போதும். ஒரு குறை சொல்லவேண்டும். ஜேன்வே ஒவ்வொரு பாட்டிலும் உச்சத்தைத் தொட்டே தீருவார். ஷரோனுக்கு எப்போது அடக்க வேண்டும் என்று தெரியும்.

டென்வரின் நத்தேனியல் ராட்லிஃப் அண்ட் த நைட் ஸ்வெட்ஸ், 2015-இல் அதே ஸ்டாக்ஸ் பெயரில் ஆல்பம் வெளியிட்டார்கள். பழைய நிறுவனத்தின் பெயரை வேறு கம்பெனி வாங்கி மறுபடி ஓட்டுகிறது. கைதட்டிக் கூட்டமாகப் பாடுகிற ஒரு குடிகாரப் பாட்டு தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் வந்த கையோடு பிய்த்துக்கொண்டு ஓடியது. ராட்லிஃப் நாட்டுப்புறப் பாடகராக இருந்தவர், அது தெரியும். ஊதுகிறவர்களுக்கு இங்கே கூட்டத்தை எழுப்புகிற வேலை. குஷியான குழு, நேரில் பார்த்தால் நிச்சயம் பணம் வீண் இல்லை. வீட்டில் தட்டாக வாங்கிக் கேட்க நான் முதலாவதாகச் சொல்ல மாட்டேன்.

இந்தப் பகுதியில் எனக்கு மிகவும் பிடித்தது டுராண்ட் ஜோன்ஸ் அண்ட் த இண்டிகேஷன்ஸ். லூசியானாவிலிருந்து சாக்ஸபோன் படிக்க இண்டியானா பல்கலைக்கழகத்துக்கு வந்தவர் டுராண்ட். அங்கே மாணவர்களோடு சேர்ந்து ஒரு வீட்டின் அடித்தளத்தில், பீர் செலவையும் சேர்த்து 450 டாலர் சொச்சத்தில் பதிவுசெய்த ஆல்பம் 2016-இல் வந்தது. கேட்டால் அந்த அறையின் ஈரம் தெரியும். டிரம்ஸ் வாசிக்கும் ஏரன் ஃப்ரேசர் பெண்குரல் உயரத்தில் பாடுவார், டுராண்ட் கரகரப்பார், இரண்டும் மாறி மாறி வரும். அடுத்த ஆல்பங்கள் இன்னும் இனிமையானவை, வயலின்கள் சேர்ந்தவை, நல்லவையும்கூட. ஆனால் முரடு அந்த முதல் ஆல்பத்தில்தான். டாப்டோன் ஆட்கள் ஒருவரும் இல்லாமலேயே அந்த ஒலியைக் கிட்டத்தட்டத் தொட்டவர்கள் என்று இவர்களைச் சொல்லலாம்.

லீ ஃபீல்ட்ஸை விட்டுவிட்டேனே என்று கேட்பீர்கள். 1969-இலேயே முதல் பாட்டைப் பதிந்தவர், ஷரோனுக்கும் பிராட்லிக்கும் முன்பே பதிவுலகுக்கு வந்தவர், இன்னமும் பாடுகிறார். 2009-இன் 'மை வேர்ல்ட்', 2012-இன் 'ஃபெய்த்ஃபுல் மேன்' இரண்டும் அருமை. ஆனால் அவை ஊதுவாத்தியம் முன்னால் நிற்கிற ஆல்பங்கள் இல்லை, காதல் சோல். இந்தக் கட்டுரையின் கேள்விக்கு அவர் விடை ஆகமாட்டார்.

எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்தால்?

முடிவெடுக்க முடியாதவருக்கு ஒரு குறுக்குவழி உண்டு. 2014 டிசம்பரில் டாப்டோன் கூட்டம் முழுவதும் அப்பலோ தியேட்டரில் மூன்று இரவு வாசித்தது. ஷரோன், பிராட்லி, பூடோஸ், இன்னும் பலர். அந்தப் பதிவு 2021-இல் மூன்று எல்பியாக வந்தது. சிறுவயதில் ஜேம்ஸ் பிரவுனைப் பார்த்த அதே மேடையில் பிராட்லி நிற்கிறார். மலிவாகக் கிடைத்தால் விடவேண்டாம். ஆனாலும் முதல் ஆல்பமாக வேண்டாம் என்பேன். நேரடிப் பதிவில் ஆரவாரமும் அறையின் எதிரொலியும் சேர்ந்து, ஊதுகிறவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பது மங்கிவிடுகிறது. அந்த வீட்டு ஸ்டூடியோவின் இறுக்கம் முதலில் காதில் பதியட்டும்.

எதில் கேட்பது என்பதும் தேர்வின் ஒரு பகுதிதான். போன் ஸ்பீக்கரில் பேரிடோன் சாக்ஸின் அடிக்குரல் கேட்கவே கேட்காது. அது போய்விட்டால் டிரம்பெட்டின் கூச்சல் மட்டும் மிஞ்சும், 'என்ன இது, இரைச்சல்' என்று மூடிவிடுவீர்கள். எல்பி பிளேயர் கட்டாயமில்லை. ஓரளவு பேஸ் வருகிற ஹெட்போன் போதும், ஸ்ட்ரீமிங்கிலேயே கேளுங்கள். தட்டு வாங்குவது பிடித்துப்போன பிறகு.

இன்னொரு கேள்வி வரும்: இதெல்லாம் நகல்தானே, மூலத்தையே கேட்டுவிட்டுப் போகலாமே? நியாயமான கேள்வி. 'கோல்ட் ஸ்வெட்' இருக்க இவர்கள் எதற்கு? என் பதில், பல வருடம் எந்தக் கம்பெனியும் சீந்தாத இரண்டு குரல்கள் இந்த நகல் எடுக்கிற ஆட்களால்தான் பதிவாயின என்பது. ஷரோனும் பிராட்லியும் 1970-களிலேயே பதிவாகியிருக்க வேண்டியவர்கள், ஆகவில்லை. வெள்ளைக்கார இளைஞர்கள் வயதான கறுப்பினப் பாடகர்களை முன்னே நிறுத்தி வாசிக்கிறார்கள் என்ற விமர்சனமும் இருக்கிறது. அதில் யோசிக்க விஷயம் உண்டு. ஆனால் டாப்-கிங்ஸில் கறுப்பினத்தவரும் இருந்தார்கள், தன் குழுவில் யார் தலைவி என்பதில் ஷரோனுக்கு ஒருநாளும் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை.

கடைசியாக, பிரிட்டிஷ் பாடகி ஏமி வைன்ஹவுஸின் 'பேக் டு பிளாக்' ஏற்கெனவே பிடித்துப்போனவர்கள். 2006-இல் வந்த அந்த ஆல்பத்தில் தயாரிப்பாளர் மார்க் ரான்சன் அமைத்த பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு வாசித்தது டாப்-கிங்ஸ்தான். அதாவது, உங்களுக்குத் தெரியாமலேயே நீங்கள் உள்ளே வந்துவிட்டீர்கள். ஆனால் ரான்சன் அவர்களைப் பாப் இசைக்கு ஏற்றபடி இஸ்திரி போட்டுத்தான் நிறுத்தியிருக்கிறார். அந்த ஒலிக்குப் பழகிய காதுக்கு 'நேச்சுரலி' முதலில் கொஞ்சம் சொரசொரப்பாகப் படலாம். உங்களுக்கு மட்டும் நான் '100 டேஸ், 100 நைட்ஸ்' என்று மாற்றிச் சொல்கிறேன். அதிலிருந்து பின்னோக்கி 'நேச்சுரலி'க்கு வாருங்கள், அப்புறம் முடிந்தால் 'டாப் டிப்பின்'.